ஒரே அடாப்டரில் பிளஸ் 9, மைனஸ் 9: கிட்டார் பெடல் கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கம் சொந்தமாகப் பெடல் (கிட்டார் ஒலியை மாற்ற, காலால் மிதித்து இயக்கும் பெட்டி) செய்கிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணா, 9 வோல்ட் அடாப்டரிலிருந்தே மைனஸ் 9-ம் எடுக்க முடியுமா? பெட்டியில் டிரான்ஸ்பார்மருக்கு இடமில்லை.

முடியும் தம்பி. ஐசிஎல்7660எஸ் என்ற எட்டுக் கால் ஐசி, இரண்டு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போதும். ஒரு கெப்பாசிட்டரை நிரப்பி, அதைத் தலைகீழாக மாட்டி அடுத்ததில் கொட்டுகிறது, இதையே நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை செய்கிறது. கிடைப்பது மைனஸ் 9-க்குக் கொஞ்சம் குறைவு. வெளியே வரும் பக்கத்துக் கெப்பாசிட்டரின் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போக வேண்டும். நான் முதல் தடவை பழக்கத்தில் மைனஸ் காலை அங்கே வைத்துவிட்டேன், அது தலை உப்பிப் போனது.

மஞ்சக்குப்பத்திலிருந்து: அண்ணே, அதே ஐசிதான் போட்டேன், கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) கூட்டினால் ‘கீ...’ என்று மெல்லிய சத்தம் வருகிறது.

1-ஆம் காலைச் சும்மா விட்டிருப்பீர்கள். அப்படி விட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் ஓடும், அது காதில் விழும். அந்தக் காலை 8-ஆம் காலோடு சேர்த்துவிடுங்கள், 35 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும், அது மனுஷன் காதுக்கு எட்டாது. ஐசியின் மேல் ‘எஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள், பழைய 7660-இல் அந்தக் கால் எதோடும் இணைக்கப்படவில்லை. அப்புறம், இந்த ஐசியின் கிரவுண்டு ஒயரைத் தனியாக, நேராக அடாப்டர் ஜாக்குக்கே கொண்டுபோங்கள், கிட்டார் சிக்னலின் கிரவுண்டு வழியாக விடாதீர்கள். பாதிப் பேருக்குச் சத்தம் வருவது இதனால்தான். ‘கீ’ இல்லாமல் ‘ம்ம்’ என்று இரைந்தால் அது 100 ஹெர்ட்ஸ், கோளாறு அடாப்டரில் இருக்கிறது.

முத்தியால்பேட்டையிலிருந்து: சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறேன் அண்ணா. பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டரை மாட்டியதும் ஐசி போய்விட்டது. 9 வோல்ட் என்றுதானே எழுதியிருக்கிறது?

ரெகுலேட்டர் (வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் பகுதி) இல்லாத அடாப்டர் லோடு குறைவாக இருக்கும்போது 12, 13 வோல்ட் கூடத் தரும், 7660எஸ் தாங்குவது 12 வரைதான். மாட்டும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். அந்த அடாப்டரையே வைத்துக்கொள்வதாக இருந்தால் அதே வேலையைச் செய்யும் எல்டி1054 என்ற ஐசியைப் போடுங்கள், 15 வோல்ட் வரை தாங்கும், 100 மில்லிஆம்பியர் தரும்.

வில்லியனூரிலிருந்து: ஒரே ஒரு டிஎல்072 (சிக்னலைப் பெருக்கும் ஐசி) உள்ள ஓவர்டிரைவுக்கும் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு 9-ஐப் பாதியாக்கி, நடுவிலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட் வையுங்கள், அந்த 4.5 வோல்ட் போதும். மிச்சமாகும் இடத்தில் நல்ல ஜாக்காக ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள், கடல் காற்றில் மட்டமான ஜாக் சீக்கிரம் பச்சை பூத்துவிடும்.