பிள்ளையள் வயித்துக் கட்டி: கேள்வி பதில்

நான் லேபுல பயாப்ஸி, அதான் வெட்டி எடுத்த சதைத்துண்டப் பாக்குத ஆளு, கத்தி பிடிக்க ஆளு இல்ல. அதுக்குத் தக்க கேளுங்க.

வள்ளியூர்: அண்ணாச்சி, 11 வயசு மக, எவ்வளவு டானிக் குடிச்சும் ரத்தம் கூடல. எண்டோஸ்கோப்பியில இரைப்பையில கட்டி, ரிப்போர்ட்ல ஜிஸ்ட், அதான் இரைப்பை குடல் சுவர்ல வருத ஒரு கட்டின்னு போட்டிருக்கு. மாத்திரையிலயே சரியாயிருமாமே?

அது பெரியவங்களுக்கு தாயி. அவங்களுக்குப் பெரும்பாலும் கிட்ங்கிற ஜீன்ல கோளாறு, இமாட்டினிப்ங்கிற மாத்திரை நல்லா கேக்கும். பிள்ளையளுக்கு, அதுவும் பொம்பளப்பிள்ளைக்கு இரைப்பையில வந்தா அநேகமா எஸ்டிஹெச்ங்கிற என்சைம் குறைபாட்டு வகைதான், இமாட்டினிப் அவ்வளவா கேக்காது. மருந்து தொடங்கு முன்ன எஸ்டிஹெச்பி ஸ்டெயின், அதான் அந்தக் குறைபாட்டக் காட்டுத சாயம், போட்டாச்சான்னு கேளுங்க. கட்டி செல்லு வெளுத்துக் கிடந்து, நடுவுல ஓடுத ரத்தக்குழாய் செல்லு மட்டும் பழுப்பாப் பிடிச்சிருந்தா அந்த வகைதான், அப்பம் ஜீன் டெஸ்டும் வேணும், வீட்டுல மத்தவங்களுக்கும் இருக்கலாம்லா. மெதுவாத்தான் வளரும், அதுக்காக வருசா வருசம் காட்டாம விட்டுராதீங்க. முக்கியமா பிளாக்க, அதான் மெழுகுல புதைச்ச சதைத்துண்டு, லேபுல கேட்டு வாங்கிட்டுப் போங்க. ரிப்போர்ட் பேப்பர்ல ஸ்டெயின் போட முடியாது.

அம்பை: 4 வயசுப் பையன், வலியே இல்ல, வெளிக்குப் போகையில ரத்தம். கேன்சரா?

அநேகமா ஜுவனைல் பாலிப், அதான் பிள்ளையளுக்குக் குடல்ல வருத கேன்சர் இல்லாத சதை வளர்ச்சி. ஒண்ணுதான்னா கொலனோஸ்கோப்பில எடுத்தா முடிஞ்சுது. அஞ்சு, அதுக்கு மேலன்னா விசயம் வேற. எடுத்தத லேபுக்கு அனுப்பச் சொல்லுங்க.

களக்காடு: என் மகனுக்கும் ரத்தம் போகுது, மூலமா?

மேல அம்பைக்குச் சொன்னதப் படிங்க.

முக்கூடல்: அப்பெண்டிக்ஸ் எடுத்ததுல கார்சினாய்டாம், ஒரு சென்டிமீட்டர் கூட இல்ல.

அது மெதுவா வளருத ஒரு வகைக் கட்டி, வெட்டுன ஓரம் சுத்தமா இருந்தா பண்ணுன ஆபரேஷனே போதும். தூர எறியாம லேபுக்கு அனுப்புன சர்ஜனுக்கு ஒரு கும்பிடு.

சங்கரன்கோவில்: 8 வயசுப் பையனுக்கு குடலுக்குள்ள குடல் சொருகிட்டு, நெறியும் கட்டியிருக்கு. டிபின்னு சொல்லி ஸ்டீராய்டும் எழுதிருக்காங்க, பயாப்ஸி எடுக்கல.

இங்க கேட்டுட்டு இருக்காதீங்க, இன்னைக்கே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த வயசுல சொருகுனா உள்ள ஏதாவது இழுக்குதான்னு பாக்கணும். பர்கிட் லிம்போமாங்கிற நெறிக் கேன்சர்னா நாள் கணக்குல வளந்துரும். பயாப்ஸிக்கு முன்ன ஸ்டீராய்டு போனா கட்டி கரைஞ்சு எங்க கண்ணுக்குப் பிடிபடாமப் போயிரும்.

பேட்டை: வயித்துல சிக்குனத எடுக்குத தொக்கம் எடுத்தாலே பாதி சரியாயிரும், இவரு எல்லாத்துக்கும் பயாப்ஸிங்காரு.

தொக்கம் எடுத்து கட்டி போன பிள்ளைய நான் பாத்ததில்ல வேய். நாள்தான் போகும்.

பேட்டை: எங்க ஆச்சி குடல் தட்டி எத்தன பிள்ளைய எந்திரிச்சு ஓட வச்சிருக்கா தெரியுமா?

ஓடுன பிள்ளைக்குச் சாதா வயித்துவலி, தானாவே போயிருக்கும். கல்லீரல் கட்டி உள்ள பிள்ளைக்கு வயித்தத் தட்டி நீவுனா உள்ளயே உடைஞ்சு ரத்தம் கொட்டலாம். கையில கட்டி தட்டுப்பட்டா அமுக்கிப் பாக்காதீங்க, ஸ்கேன் எடுங்க.

பேட்டை: ஸ்கேனுக்கு நீரு காசு தருவீரா?

அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுதான மேல சொன்னேன்.

வள்ளியூர்: அண்ணாச்சி, லேபுல பிளாக் தரமாட்டோம்ங்காங்க.

எழுதிக் கொடுத்து கையெழுத்துப் போட்டுக் கேளுங்க தாயி, தருவாங்க.