பெங்களூர் ஃபிளாட்டில் குட்டி நீர்த்தவளை: முன்னங்காலைப் பார்த்து வாங்குங்கள்

கப்பி மீன் இருக்கும் தொட்டியிலேயே தண்ணீருக்குள் வாழும் குட்டித் தவளையை விடலாமா, பெங்களூர் ஃபிளாட்டில் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிப்படும். அல்சூரில் மூன்றாவது மாடியில் நான் வைத்திருக்கிறேன். ஆனால் கடையில் அதன் முன்னங்காலைப் பார்க்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

நான் பார்க்காமல் திறந்தேன். சிவாஜிநகர் பக்கம் ஒரு கடை. வெள்ளை உடம்பு, சிவப்புக் கண், கட்டைவிரல் அளவு. "இவ்ளோதான் சார் வளரும்" என்றார் கடைக்காரர். ஒரு வருடத்தில் அது என் உள்ளங்கையை நிறைத்தது. பன்னிரண்டு கப்பியில் மூன்றுதான் மிச்சம். அப்புறம்தான் தெரிந்தது, அது ஆப்பிரிக்கன் கிளாட் ஃபிராக். 10 செ.மீ.க்கு மேலேயே வளரும், வாயில் அடங்கும் எதையும் விழுங்கும், 15 வருடம்கூட உயிரோடு இருக்கும். (1930களிலிருந்து கர்ப்பப் பரிசோதனைக்கு உலகம் முழுக்க இதைத்தான் வாங்கிப் போனார்கள். பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசியில் ஏற்றினால், அவள் கர்ப்பமாக இருந்தால் தவளை முட்டையிடும். என் அம்மா இதை இன்னும் நம்பவில்லை.)

நீங்கள் தேடுவது ஆப்பிரிக்கன் ட்வார்ஃப் ஃபிராக். காங்கோ, கேமரூன் பக்கத்துத் தவளை, பழுப்பு நிறம், மிஞ்சினால் 4 செ.மீ. இதற்கு நான்கு காலிலும் விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு. பெரியதற்கு முன்னங்கையில் சவ்வு கிடையாது, விரல்கள் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் வெள்ளையாகக் காட்டினால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

கப்பியோடு இருக்கும், சண்டை வராது. சாப்பாட்டில்தான் தொல்லை. கண் அவ்வளவு கூர்மையில்லை, மோப்பம் பிடித்து வருவதற்குள் மீன்கள் தட்டைக் காலி செய்துவிடும். நான் கார்த்திகைக்கு வாங்கிய அகல் ஒன்றைத் தொட்டியின் ஓரத்தில் வைத்திருக்கிறேன். ஃப்ரோஸன் பிளட்வார்மை (உறைய வைத்த சிவப்புப் புழு) கிண்ணத்தில் கரையவிட்டு, டிராப்பரால் நேராக அகலுக்குள் இறக்குவேன். வாசம் பட்டதும் என்னிடம் இருக்கும் இரண்டு குட்டித் தவளையும் தரையைத் தடவிக்கொண்டே வரும். நாக்கு கிடையாது என்பதால் வாயை ஆவென்று திறந்து பாயும், இரண்டு கையாலும் உள்ளே திணிக்கும். பாதி நேரம் குறி தப்பி, ஒன்று மற்றதன் காலைக் கவ்விவிடும். கவ்விய பிறகு இரண்டும் அப்படியே யோசித்துக்கொண்டு நிற்கும் பாருங்கள், அதற்கே வளர்க்கலாம்.

காவேரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள், அவசரம் என்றால் ஆன்ட்டி குளோரின் சொட்டு. 24 முதல் 27 டிகிரி வேண்டும். நம் ஊர் ஜனவரி ராத்திரி 15 வரை இறங்குகிறது, சின்ன ஹீட்டர் இல்லாமல் முடியாது. தண்ணீர் ஒரு அடிக்கு மேல் வேண்டாம், இது மேலே வந்து மூச்சு விடும் பிராணி. ஃபில்டர் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

மூடி கட்டாயம். ஹீட்டர் வயருக்காக நான் விட்ட இரண்டு விரல் இடைவெளியில் முன்பு ஒரு குட்டித் தவளை வெளியேறிவிட்டது. காலையில் ஃபிரிட்ஜ் அடியில் பெருக்கும்போது கத்தரிக்காய் வற்றல் என்று நினைத்து எடுத்தேன். தண்ணீருக்கு வெளியே சீக்கிரமே காய்ந்து செத்துவிடும். இப்போது அந்த இடைவெளியில் ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறேன்.

கையில் எடுத்துக் கொஞ்சும் ஜீவன் இல்லை இது. தொட்டித் தண்ணீரில் சால்மொனெல்லா இருக்கலாம். கை விட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் இப்போது வேண்டாம். அந்தத் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் கொட்டவும் கூடாது.

சத்தம் பற்றிக் கவலை வேண்டாம். தவளை தன் வாயால் கெடும் என்பது நம் வயல் தவளைக்கு. இதில் ஆண் மட்டும் ராத்திரியில் லேசாக ரீங்கரிக்கும். என் அம்மா இரண்டு முறை எழுந்து, வைப்ரேட்டில் இருக்கும் போனை யாரோ எடுக்கவில்லை என்று திட்டிவிட்டுப் படுத்தார்.

அந்த வெள்ளைத் தவளையா? தனித் தொட்டியில் இருக்கிறது. அல்சூர் ஏரியில் விட்டுவிடச் சொன்னவர்கள் உண்டு. அப்படி வெளியே போய்த்தான் சிலியிலும் பிரான்சிலும் இது பெருகிக் கிடக்கிறது. தவளைகளைக் கொல்லும் தோல் பூஞ்சையையும் தான் சாகாமல் சுமக்கும். ஆகவே இன்னும் பத்து வருடத்துக்கு மேல் அதற்கும் சேர்த்துத்தான் நான் பிளட்வார்ம் வாங்க வேண்டும்.