ஹெச்.ஐ.வி. உள்ளவருக்கு மறுவாழ்வுச் சிகிச்சை எதற்கு, மாத்திரை மட்டும் போதாதா?

உங்கள் அண்ணன் பல ஆண்டுகளாக ஹெச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் எடுக்கிறார், ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, ஆனாலும் பாதம் மரத்துப்போகிறது, மாடிப்படி ஏறினாலே சோர்ந்துவிடுகிறார், இந்நிலையில் மறுவாழ்வுச் சிகிச்சை என்பது வீண் அலைச்சல் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரேனும் அவரைச் சோம்பேறி என்று சொல்லியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் மருத்துவர் இல்லை. ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். 2006-இல் எனக்கு மருந்து தொடங்கியபோது, அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகக் கிடைக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அன்றைய மருந்துகளில் ஒன்றான ஸ்டாவுடின் கால் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. அதைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனமே 2009-இல் பரிந்துரைத்தது. இப்படி எழுதுவதால் மாத்திரையை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அதைக் காரணமாக்கி யாரும் மருந்தை நிறுத்தவும் வேண்டாம். அந்த மாத்திரை இல்லாவிட்டால் என் மகள் பத்தாம் வகுப்பு முடிப்பதை நான் பார்த்திருக்க மாட்டேன்.

இரண்டாம் ஆண்டில் பாதம் எரியத் தொடங்கியது, பிறகு மரத்தது. செருப்பு கழன்றது தெரியாமல் தெருமுனை வரை ஒற்றைக் காலில் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன். தையல் இயந்திரத்தின் மிதிப்பலகையில் கால் எங்கே இருக்கிறது என்பதே தெரியாததால், மிதி பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஒரு ரவிக்கைக்கு நான்கு முறை நூல் கோத்தால் யார் மறுபடி துணி கொடுப்பார்கள்?

2011-இல் மருந்தை மாற்றினார்கள். எரிச்சல் தணிந்தது, மரப்பு போகவில்லை. ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகர் மறுவாழ்வுச் சிகிச்சைக்காக இயன்முறை மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) போகச் சொன்னார். "மறுவாழ்வு" என்றதும் குடிப்பழக்கத்தை நிறுத்தும் இடம் என்று நினைத்து முதலில் எனக்குக் கோபமே வந்தது. போன இடத்திலோ, என் சீட்டைப் பார்த்ததும் மற்ற எல்லோரும் முடிந்த பிறகே அழைத்து, மூன்றடி தள்ளி நின்றபடி கையை ஆட்டிப் பயிற்சி காட்டி அனுப்பினார்கள். சிகிச்சையில் இப்படிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அன்று எனக்கு எதிர்த்துக் கேட்கத் தெரியவில்லை. எட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு வேறொரு மருத்துவமனையில் ஒரு பெண் இயன்முறை மருத்துவர் தரையில் அமர்ந்து என் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். கால்விரல்களால் துண்டைச் சுருட்டி இழுப்பது, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது, கோட்டின்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடப்பது ஆகியவற்றைப் பழக்கினார். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துக் காயம் தேட வேண்டும், வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்த பிறகே காலில் ஊற்ற வேண்டும் என்றார். எல்லாவற்றையும்விட, என் தொழிலைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். முக்காலியை உயர்த்தி, மிதிப்பலகையில் குதிகால் நழுவாமல் ரப்பர் பட்டை ஒட்டச் சொல்லி, முக்கால் மணி நேரம் தைத்தால் பத்து நிமிடம் ஓய்வெடுக்கப் பழக்கினார். நான்கு மாதத்தில் நாளொன்றுக்கு இரண்டு ரவிக்கை தைத்தேன். மரப்பு இன்றும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குப் பெயர்தான் மறுவாழ்வுச் சிகிச்சை.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஹெச்.ஐ.வி. தனியொரு வகையாக இல்லை. இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு வேண்டும். ஒரு வாரம் நன்றாக நடந்து மறுவாரம் படுத்துவிடும் எங்களை, சான்றிதழ் கேட்டுப் போகிற அந்த ஒரு நாளில் எப்படி அளப்பார்கள்? நடிக்கிறாள் என்று சொல்பவர்கள் ஒரு வாரம் எங்களோடு இருந்து பார்க்கட்டும்.

உங்கள் அண்ணனுக்கு மரப்பு எதனால் வருகிறது என்பதை முதலில் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கேளுங்கள். ஹெச்.ஐ.வி. கிருமியே காரணமாக இருக்கலாம், சர்க்கரை நோயாக இருக்கலாம், காசநோய்க்கான ஐசோநியாசிட் மாத்திரையாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு வைட்டமின் பி6 தருவார்கள். சோர்வுக்கும் ரத்தசோகை போன்ற காரணங்கள் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சியை அதோடு சேர்த்துத் தொடங்கலாம். வீட்டைவிட்டு நகர முடியாத நிலை வந்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள்.

முதல் நாள் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் உடன் செல்லுங்கள். அந்த முதல் இடத்தில் என் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தால் நான் எட்டு மாதத்தை இழந்திருக்க மாட்டேன்.