அறுபது வயதுக்குமேல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். மனத்தில் எதுவும் ஏறாது என்று உங்கள் நண்பர்கள் பயமுறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். இப்போது கல்வெட்டு வாசிக்கப் பழகுகிறேன். நன்றாகவே ஏறுகிறது, ஆனால் சின்ன வயதில் ஏறியதைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது.

என் தாத்தா மாலையில் திண்ணையில் உட்காரவைத்துக் கீழ்வாய் இலக்கத்தை, அதாவது பழைய பின்ன வாய்பாட்டை, ஒப்பிக்கச் சொல்வார். முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால் என்று போகும். தப்பினால் காதைத் திருகுவார். பள்ளியில் தசம பின்னம் வந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. சங்கத்துப் பதிவேடுகளில் ஹெக்டேரும் ஏர்ஸும்தான். வயலுக்கு விலை பேசும்போது மட்டும் எங்கள் பக்கத்தில் இன்றும் மா கணக்கு: ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், 20 மா ஒரு வேலி.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட நிலங்களும் இதே கணக்கில்தான் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. வேலியில் 20இல் ஒரு பங்கு மா, 80இல் ஒரு பங்கு காணி, 320இல் ஒரு பங்கு முந்திரி. அதோடு விடவில்லை, முந்திரியையும் 320 ஆகப் பகுத்துக் கீழ் முந்திரி என்கிறார்கள். இன்றைய வேலிக்கு அது மூன்று சதுர அடிகூடத் தேறாது. வரி இறுத்த நிலத்தை அவ்வளவு துல்லியமாக அளந்தவர்களை நினைத்தால் பழைய கணக்கனான எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வகுப்பில் இளைஞர்கள் இந்த இடத்தில் அட்டவணையைப் பார்ப்பார்கள். எனக்கு வேண்டியதில்லை. கொஞ்சம் கர்வம்தான், இருக்கட்டுமே.

எழுத்து வேறு கதை. சோழர் கல்வெட்டில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இல்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். ரகரத்தையும் துணைக்காலையும் (ா) இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நடுநடுவே வடசொற்களுக்கான கிரந்த எழுத்து. கற்றுத் தருபவர் என் மகளைவிட இளையவரான ஓர் ஆய்வு மாணவி. நான் பாதி வரி பார்த்ததுமே மீதியைச் சொல்லத் தொடங்கிவிடுவேன். "ஐயா, கல்லில் இருப்பதை மட்டும் படியுங்கள்" என்பார். வயதானவர்களுக்கு மறதி பெரிய தடை என்று நான் நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கையில் ஒரு விடை தயாராக வைத்திருக்கிறோமே, அதுதான் தடை.

வேலையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர். அந்த ஊருக்கு முன்சீப்பாக (சிவில் நீதிபதியாக) வந்த சேலம் இராமசாமி முதலியார் தூண்டிய பிறகுதான் சீவக சிந்தாமணியில் இறங்கினார். சமண சமயச் செய்திகள் பிடிபடவில்லை என்றதும் ஊரிலிருந்த சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் பதிப்பு வெளிவந்தது. கல்லூரியில் பாடம் சொல்லிவிட்டு மாலையில் இன்னொருவர் வீட்டில் பாடம் கேட்க எத்தனை ஆசிரியர்கள் போவார்கள்?

மூளைக்குப் பயிற்சி, மறதி நோய் வராது என்றெல்லாம் சொல்லி உங்களை இழுப்பவர்களை நம்பிச் சேராதீர்கள். மருந்துபோல விழுங்கும் படிப்பு நெடுநாள் ஓடாது. சிறு வயதில் அரைகுறையாக விட்டது எது என்று யோசியுங்கள்: பாட்டாக இருக்கலாம், கோலமாக இருக்கலாம், நாற்றங்கால் வேலையாகவும் இருக்கலாம்.

ஒருவேளை கல்வெட்டுத்தான் என்றால், காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போது கோயிலுக்குப் போங்கள். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. இருட்டான பிரகாரத்தில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டின் நிழல் விழும். எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் கல்லில் தடவாதீர்கள். தடவுபவரைக் கண்டால் சண்டை போடுங்கள்; நான் போடுகிறேன்.