இணையத்தில் சேர்ந்து வரைந்தால் பணிச்சோர்வு குறையுமா?

வேலைப் பளுவால் மனம் சோர்ந்தவர்களுக்கு, இணையவழியில் மற்றவர்களோடு சேர்ந்து வரைவது உண்மையிலேயே உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உதவியது, ஆனால் முதலில் சேர்ந்த குழுவில் அல்ல.

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே, இரவு நேரத்தில் வெளிநாட்டு மருத்துவக் கட்டணக் கணக்குகளைச் சரிபார்ப்பது என் வேலை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வுக்குச் சொன்ன மூன்று அடையாளங்களும், அதாவது தீராத களைப்பு, வேலையின் மீது வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம், சென்ற ஆண்டு என்னிடம் இருந்தன. அப்போது, முன்பின் அறியாதவர்கள் தினமும் ஒரு படம் வரைந்து பதிவிடும் குழுவொன்றில் சேர்ந்தேன். லைக்குகளை எண்ணத் தொடங்கியதும் அதுவும் இன்னொரு டார்கெட்டாகிவிட்டது. மூன்றே வாரத்தில் விலகினேன்.

பிறகு கோவையிலுள்ள மதினி, அம்பாசமுத்திரத்துச் சித்தி, அக்கா மகள், நான் என நால்வரும் வியாழன் இரவுகளில் வீடியோ காலில் கூடி, எல்லோரும் வரையக்கூடிய ஒரே திரைப் பலகையில் சிக்குக் கோலம் போடத் தொடங்கினோம். 8 புள்ளி, 8 வரிசை. 64 புள்ளிகளில் ஆளுக்கு 16. இழை எந்தப் புள்ளியையும் தொடாமல் ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு, தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும் என்பதால், நான் ஓரத்தில் விடும் வளைவைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்தவர் தன் பகுதிக்குள் நுழைய முடியும். ஒருநாள் நான் வளைவைத் தவறான பக்கம் திருப்பிவிட, சித்தியின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஆச்சி, "ஏட்டி, அந்த ஓரப் புள்ளிய அம்போன்னு விட்டுட்டியே!" என்றாள். மதினி தன் பக்கத்தில் ஒரு வளைவைக் கூட்டி, அந்தப் புள்ளியை உள்ளே இழுத்துக்கொண்டாள். அலுவலகத்தில் ஒரு பிழை என்றால் நான் விளக்கம் எழுத வேண்டும். இங்கே அது கோலத்திலேயே கலந்துபோனது. வரைந்ததைவிட இதுதான் எனக்கு ஆறுதல் தந்தது என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் 39 பேரை வைத்துச் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 45 நிமிடங்கள் கலை வேலையில் ஈடுபட்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தின்போது கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. அதற்கு முன்பழக்கம் தேவைப்படவில்லை. நாங்களும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்டுவதில்லை, ஆய்வுக்காக அல்ல, சித்தி விடியுமுன் வாசல் தெளிக்க எழ வேண்டும் என்பதற்காக.

கோலம் வேலைப் பளுவைக் குறைக்காது. இரவுப் பணி நாட்களைக் குறைக்கும்படி மேலாளரிடம் நான் தனியாகத்தான் பேசினேன். தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

முடிந்த கோலத்தை நாங்கள் எங்கும் பதிவிடுவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சித்தி அதைப் பார்த்து வாசலில் மாவால் போடுவாள்.