நாய், பூனை கடித்த காயத்தின் பாக்டீரியாவை லேபில் எப்படி இனம் பிரிப்பது?

கடிக்காயக் கல்ச்சர் (பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் எப்போதும் ‘கலப்பு வளர்ச்சி’ என்றே வருகிறதே, இனம் பிரிக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். கலப்பாக வருவதில் வியப்பில்லை. சீழ் பிடித்த நாய், பூனைக் கடிகளை வைத்து 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஒரு காயத்துக்கு இடைநிலையாக 5 வகை பாக்டீரியா கிடைத்தன. நாய், பூனை வாயில் வாழும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா நாய்க்கடிகளில் பாதியிலும் பூனைக்கடிகளில் முக்காலிலும் இருந்தது.

முதலில் லேபுக்கு அனுப்பும் படிவத்தில் ‘நாய்க்கடி’ அல்லது ‘பூனைக்கடி’ என்று எழுதுங்கள். வெறும் ‘காயம்’ என்று போனால் லேப் வழக்கமானவற்றைத் தேடிவிட்டு இரண்டே நாளில் பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிடும். சீழ் பிடிக்காத புதுக்கடியில் கல்ச்சர் எடுப்பது வீண். சீழ் இருந்தால் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே சிரிஞ்சில் உறிஞ்சி எடுங்கள். மேலோட்டமாக ஒற்றிய ஸ்வாபில் காற்றில்லா பாக்டீரியா பிழைப்பது கடினம்.

பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக்கூழ்தான் அகர். இரத்த அகர், சாக்லேட் அகர் (சூடாக்கிய இரத்தம் கலந்தது) இரண்டையும் 5–10% கார்பன் டை ஆக்சைடில் வையுங்கள். கூடவே ஒரு மக்காங்கி அகர், காற்றில்லாச் சூழலுக்குத் தனியாக ஓர் இரத்த அகர். மறுநாள் இரத்த அகரில் ஹீமோலிசிஸ் (சிவப்பணுச் சிதைவு) இல்லாத சாம்பல் நிறக் காலனிகள், மக்காங்கியில் ஒன்றுமே இல்லை என்றால் பாஸ்டுரெல்லாவைச் சந்தேகியுங்கள். கிராம் சாயத்தில் குட்டையான கிராம் நெகட்டிவ் குச்சிகள் தெரியும். ஹீமோஃபிலஸ் என்ற வேறொரு பாக்டீரியா என்று ஏமாற வாய்ப்புண்டு, ஆனால் அது சாதாரண இரத்த அகரில் தனியாக வளராது. பாஸ்டுரெல்லாவுக்கு ஆக்சிடேஸ், கேட்டலேஸ் ஆகிய நொதிச் சோதனைகள் இரண்டும் பாசிட்டிவ். பென்சிலின் தோய்த்த காகித வட்டைச் சுற்றி வளர்ச்சி தடைபட்டிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கிராம் நெகட்டிவ் குச்சிகளில் இது அபூர்வம்.

அடுத்து, பாஸ்டுரெல்லாவில் எந்த இனம் என்று பாருங்கள். இன்டோல், ஆர்னிதின், மானிட்டால் சோதனைகள் மூன்றும் பாசிட்டிவ் என்றால் மல்டோசிடா. ஆர்னிதின் பாசிட்டிவ், மானிட்டால் நெகட்டிவ் என்றால் கேனிஸ். ஆர்னிதின் நெகட்டிவ், யூரியேஸ் பாசிட்டிவ் என்றால் டேக்மாட்டிஸ். இந்த மெனக்கெடல் எதற்கு என்றால், காயத்துக்குப் பழக்கத்தில் எழுதப்படும் செஃபலெக்சின், கிளின்டாமைசின், எரித்ரோமைசின் எதையும் பாஸ்டுரெல்லாவுக்கு நம்ப முடியாது.

நாய்க்கடியில் இன்னொரு பொறி. கோஆகுலேஸ் (பிளாஸ்மாவை உறையவைக்கும் நொதி) பாசிட்டிவ் என்றதும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று முடித்துவிடுவார்கள். நாய்களில் வாழும் ஸ்டாஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸும் அப்படித்தான் காட்டும். பி.ஒய்.ஆர். என்ற நொதிச் சோதனை பிரித்துக் கொடுக்கும்: சூடின்டர்மீடியஸுக்குப் பாசிட்டிவ், ஆரியஸுக்கு நெகட்டிவ். மெத்திசிலின் எதிர்ப்பைப் பார்க்க சூடின்டர்மீடியஸுக்கு ஆக்சாசிலின் வட்டு வேண்டும். செஃபாக்சிட்டின் வட்டு எதிர்ப்பைத் தவறவிடும்.

நாய், பூனை வாயில் வாழும் இன்னொரு பாக்டீரியாவான கேப்னோசைட்டோஃபாகா கேனிமார்சஸ் மிக மெதுவாக வளரும். கார்பன் டை ஆக்சைடு பிளேட்டுகளை 7 நாளாவது வைத்திருங்கள். இரு முனையும் கூரான மெல்லிய குச்சிகள், ஆக்சிடேஸும் கேட்டலேஸும் பாசிட்டிவ். மனித வாயில் வாழும் கேப்னோசைட்டோஃபாகாக்களில் இவை இரண்டும் நெகட்டிவ். மண்ணீரல் இல்லாதவருக்கு நாய் கடித்துக் காய்ச்சல் வந்தால் பிளேட்டுக்காகக் காத்திராமல் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். இரத்தப் படலத்தைச் சாயமிட்டுப் பார்த்தால் சில நேரம் வெள்ளையணுவுக்குள்ளேயே இந்தக் குச்சிகள் கிடக்கும்.