மார்ஜின் 3 மி.மீ. என்றால் பயப்படணுமா?

கேள்வி: அப்பாவுக்கு நாக்கு ஓரத்தில் ஆரம்ப நிலைப் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்தது. பயாப்சி ரிப்போர்ட்டில் 'மார்ஜின் 3 மி.மீ., நெருக்கம்' என்று இருக்கிறது. டாக்டரோ 1 செ.மீ. தள்ளித்தான் வெட்டினேன் என்கிறார். எது சரி? திரும்ப வருமா?
- வாசகி, ஈரோடு

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். மார்ஜின் என்பது கட்டிக்கும் வெட்டிய ஓரத்துக்கும் நடுவே இருக்கும் நல்ல சதையின் அளவு. நாக்குச் சதை வெட்டி எடுத்ததுமே சுருங்கும், அப்புறம் ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) போட்டால் இன்னும் கொஞ்சம். அதனால்தான் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல சதையையும் சேர்த்து எடுக்கிறார்கள், மைக்ராஸ்கோப்பில் 5 மி.மீ. மிஞ்சினால் போதும், அதற்குக் குறைந்தால் 'நெருக்கம்' என்பது வழக்கமான கணக்கு. வெட்டிய ஓரத்திலேயே புற்றணு இருந்தால் அது வேறு கதை, முடிந்தால் மறுபடி வெட்டுவார்கள், இல்லையென்றால் கதிர்வீச்சு, தேவைப்பட்டால் கூடவே கீமோ.

3 மி.மீ.யை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நரம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறதா, அந்த 3 மி.மீ. பக்கவாட்டிலா அடியிலா என்று டாக்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள். புற்று பரவக்கூடிய கழுத்து நிணநீர் முடிச்சுகளை எடுக்காமல் விட்டிருந்தால் காரணத்தைக் கட்டாயம் கேளுங்கள்: மும்பை டாடா மெமோரியலில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், முதல் ஆபரேஷனிலேயே கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தவர்களில் 3 ஆண்டு உயிர்வாழ்வு 80 சதவீதம், கழுத்தில் பரவினால் மட்டும் எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5.

திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள்தான், அதுவரை செக்கப்பை ஒருமுறைகூடத் தள்ளிப்போடாதீர்கள். புகையிலை, பாக்கு பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஆறாத புண், ஒரு பக்கக் காது வலி, கழுத்தில் கட்டி என்று எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் கூட்டிப் போய்விடுங்கள்.